தஞ்சை வட்டாரத்தில் ஐந்து நாள்: வெளிநாட்டு விருந்தினரை அழைத்துச் சென்ற அனுபவத்தில் ஒரு மதிப்புரை

கோயம்புத்தூரில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். உலைகளை நிறுவித் தருவதற்காக அக்காலத்தில் ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்திலிருந்து அடிக்கடி வந்துபோன பொறியாளர் ஒருவர், தாமும் ஓய்வுபெற்ற பிறகு, சென்ற ஜனவரி இறுதியில் மனைவியுடன் என் வீட்டுக்கு விருந்தினராக வந்தார். எத்தனையோ முறை இந்தியாவுக்கு வந்திருந்தும் விமான நிலையம், விடுதி, தொழிற்சாலை ஆகிய மூன்றைத் தவிர வேறெதையும் அவர் பார்த்ததில்லை. ஐந்து நாள்களை என்னிடம் ஒப்படைத்து, நம் நாட்டில் எதைக் காட்ட விரும்புகிறேனோ அதைக் காட்டும்படி கேட்டுக்கொண்டார். ஆக்ராவுக்கு அழைத்துச் செல்லலாம் என்றான் என் தம்பி. ஆலப்புழையில் படகு வீடு எடுக்கலாம் என்றாள் மகள். நான் தஞ்சாவூரைத் தேர்ந்தெடுத்தேன். அந்தத் தேர்வு சரிதானா, வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு அங்கே கிடைக்கும் சேவைகள் எப்படி இருக்கின்றன, இனி அழைத்துச் செல்பவர்கள் எதற்கு நேரம் ஒதுக்கலாம், எதை விட்டுவிடலாம் என்பவற்றை இங்கே எழுதுகிறேன்.

பழமை என்பது ஐரோப்பியருக்குப் புதிதன்று. அவர்கள் ஊர்களிலும் எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுத் தேவாலயங்கள் நிற்கின்றன. ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எடுப்பித்த கோயிலில் அதே இறைவனுக்கு இன்றும் நாள்தோறும் பூசை நடப்பதும், கரிகாலன் பெயரால் வழங்கும் அணையிலிருந்து இன்றும் வயல்களுக்குத் தண்ணீர் பிரிவதும், சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளை வார்த்த முறையிலேயே இன்றும் பட்டறைகளில் உலோகம் ஊற்றப்படுவதும் ஒரே வட்டாரத்தில், சில மணிநேரக் கார்ப் பயணத்துக்குள் காணக் கிடைப்பது அரிது. புழக்கத்தில் இருக்கும் பழமையைக் காட்ட வேண்டும் என்பதே என் எண்ணமாக இருந்தது.

கோவையிலிருந்து மயிலாடுதுறை செல்லும் ஜன சதாப்தி விரைவு ரயில் தஞ்சாவூர், கும்பகோணம் இரண்டிலும் நிற்கிறது என்பதால் பயணம் எளிதாகவே அமைந்தது. காலையில் ஏறி, மதிய உணவுக்குத் தஞ்சாவூரில் இறங்கிவிட்டோம். வெளிநாட்டிலிருந்து நேரே வருபவர்களுக்குத் திருச்சி விமான நிலையம் பக்கம். அங்கிருந்து தஞ்சாவூர் காரில் ஏறத்தாழ ஒன்றரை மணிநேரத் தொலைவில் இருக்கிறது. முதல் இரண்டு இரவுகள் தஞ்சாவூரிலும் அடுத்த இரண்டு இரவுகள் கும்பகோணத்தை ஒட்டிய ஒரு பழைய ஓட்டு வீட்டு விடுதியிலும் தங்கினோம். இந்தப் பிரிப்பு மிகவும் பொருத்தமாக இருந்தது. தஞ்சாவூரிலேயே தங்கிக்கொண்டு எல்லாவற்றையும் பார்க்க முயல்பவர்கள் பாதி நாளைச் சாலையில் கழிக்க நேரும்.

முதல் நாள் அனுபவம் நன்றாக இல்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். காரும் வழிகாட்டியும் சேர்த்து ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளரிடம் முன்பதிவு செய்திருந்தேன். அவர்கள் அனுப்பிய திட்டத்தில் இரண்டரை நாள்களுக்குள் பதினொரு கோயில்கள் இருந்தன. பெரிய கோயிலுக்கு ஒதுக்கிய நேரம் ஐம்பது நிமிடம். வழிகாட்டி நல்ல ஆங்கிலம் பேசினார். ஆனால் பேசியதெல்லாம் நாம் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்த கதைகள். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று அவர் சொன்னபோது மாலை நாலரை மணி. நிழல் திருச்சுற்றின் கல் தளத்தில் நீளமாக விழுந்திருந்தது, என் நண்பரின் மனைவி அந்த நிழலிலேதான் நின்றுகொண்டிருந்தார். உச்சியில் இருப்பது எண்பது டன் எடையுள்ள ஒரே கல் என்றார். அது பல கற்களை இணைத்து அமைத்தது என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். நந்தியை ராசராசன் காலத்தது என்றார். அது நாயக்கர் காலத்தைச் சேர்ந்தது. நண்பர் மரியாதைக்காக எதுவும் சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு அவர் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார் என்பதை நான் கவனித்தேன். ஒரு விருந்தினரின் நம்பிக்கை இப்படித்தான் போகிறது: கண்ணெதிரே பொய்யாகும் ஒன்றைச் சொன்னால், அடுத்துச் சொல்லும் உண்மையையும் அவர் கதையாகவே எடுத்துக்கொள்வார். பொய்க் கதைகள் தேவைப்படும் அளவுக்கு எளிய கோயிலா அது என்ற வருத்தம் எனக்கு அன்றிரவு முழுவதும் இருந்தது.

இரவே அந்த ஏற்பாட்டை முடித்துக்கொண்டு, விடுதிக்காரர் மூலம் உள்ளூர் வழிகாட்டி ஒருவரைப் பிடித்தோம். வரலாற்றில் முதுகலை படித்தவர், கல்வெட்டு எழுத்துகளை விரல் வைத்து வாசிக்கக் கூடியவர். அவர் வைத்த ஒரே நிபந்தனை, ஒரு நாளைக்கு இரண்டு இடங்களுக்கு மேல் போக மாட்டேன் என்பது. அவர் கேட்ட கட்டணம் முந்தைய வழிகாட்டிக்குப் பேசியதைவிடக் கூடுதல். கொடுத்த ஒவ்வொரு ரூபாயும் தகும்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கே பெரிய கோயிலுக்குள் இருந்தோம். ராசராசனின் 25ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1010ஆம் ஆண்டில், நிறைவுற்ற கோயில்; கருங்கல் மலை எதுவும் அருகில் இல்லாத வண்டல் நிலத்தில் ஏறத்தாழ 216 அடி உயரத்துக்கு எழுந்த விமானம்; 1987ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. இவற்றை எந்த வழிகாட்டியும் சொல்வார். இவர் எங்களைக் கோயிலின் அடித்தளத்துக்கு அழைத்துச் சென்று, கல்லில் வெட்டியிருக்கும் எழுத்துகளின் முன் உட்கார வைத்தார். தான் கொடுத்தவற்றையும், தன் அக்கன் கொடுத்தவற்றையும், தன் பெண்டுகள் கொடுத்தவற்றையும், மற்றும் கொடுத்தார் கொடுத்தவற்றையும் கல்லிலே வெட்டுமாறு அரசன் இட்ட ஆணை அங்கே இருக்கிறது. கோயிலுக்கென்று வருவித்த நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் ஆடல் மகளிரின், பெயர், அவர்கள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர்கள், எந்தத் தெருவின் எந்தச் சிறகில் (பக்க வரிசையில்) எத்தனையாவது வீடு அவர்களுடையது, ஆளுக்கு ஒரு பங்காக ஆண்டுக்கு 100 கலம் நெல் என்ற விவரம் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. நண்பரின் மனைவி நகராட்சி அலுவலகமொன்றில் பணிபுரிந்தவர். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய வீட்டு எண்களைக் கல்லில் தொட்டுப் பார்த்தபோது அவர் முகத்தில் தோன்றிய வியப்பை, முந்திய நாள் விமானத்தை அண்ணாந்து பார்த்தபோது நான் காணவில்லை.

நண்பரைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. கோயிலுக்குக் கொடுத்த பொன்னை ‘ஆடவல்லான்’ என்னும் கல்லாலும், மணி பதித்த அணிகலன்களைத் ‘தட்சிணமேரு விடங்கன்’ என்னும் கல்லாலும் நிறுத்ததாகக் கல்வெட்டு கூறுகிறது. இறைவன் பெயரையே எடைக்கல்லுக்கு வைத்து, அந்த எடைக்கல் எது என்பதையும் எழுதிவைத்த ஒழுங்கு, வாழ்நாள் முழுவதும் அளவையோடு பழகியவருக்கு உடனே புரிந்தது. செப்புத் திருமேனிகளைப் பற்றிய வரிகளில் ஒவ்வொன்றின் உயரம் முழத்திலும் விரலிலும் தரப்பட்டிருப்பதோடு, கனமாக வார்த்தது எது, உள்ளே பொள்ளலாக வார்த்தது எது என்பதும் குறிக்கப்பட்டிருக்கிறது. “இது ஒரு தொழிற்சாலையின் சரக்குப் பட்டியல்” என்றார் நண்பர். அதைவிடப் பெரிய பாராட்டை அவரிடமிருந்து எதிர்பார்க்க முடியாது.

கருவறையைச் சுற்றிய உட்சுற்றில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் இருப்பதை 1931ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அந்தச் சுற்று பொதுமக்களுக்குத் திறக்கப்படுவதில்லை. சுவரின் ஈரமும் மூச்சுக்காற்றும் ஓவியங்களுக்குக் கேடு என்பதால் அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். ஓவியங்களின் படங்களை முன்கூட்டியே காட்டி, இந்தச் சுவருக்குப் பின்னால்தான் அவை இருக்கின்றன என்று சொல்லி வைத்தால் போதுமானது.

நம் கோயில்கள் நண்பகலில் நடை சாத்தப்படுவதை வெளிநாட்டினர் பலர் அறிவதில்லை. அந்த வெயில் நேரத்தை அரண்மனைக்கு வைத்துக்கொள்வதே முறை. நாயக்கர் கட்டி மராட்டியர் விரிவாக்கிய அந்த வளாகத்தில் இருக்கும் கலைக்கூடத்தில் திருவெண்காட்டிலிருந்து கிடைத்த ரிஷபவாகனர் திருமேனி, அதாவது காளையின் மேல் கையூன்றி நிற்கும் சிவன், இருக்கிறது. 1011ஆம் ஆண்டைச் சேர்ந்தது, அதாவது பெரிய கோயில் நிறைவுற்ற மறு ஆண்டு. சாய்ந்து நிற்பதற்கு உரிய காளை இன்று இல்லை. ஆனால் அந்தக் கை காற்றில் ஊன்றியிருக்கும் விதத்தைப் பார்த்தால் காளை அங்கே நிற்பதாகவே தோன்றும். நண்பர் சிலையின் பின்பக்கம் போய் நீண்ட நேரம் நின்றார். முன்புறத்துக்குக் கொடுத்த அதே கவனத்தோடு முதுகையும் கூந்தலையும் முடித்திருக்கிறார்கள் என்பதை எனக்கு அவர்தான் காட்டினார். நான் அந்தச் சிலையை முன்பே இரண்டு முறை பார்த்திருக்கிறேன், பின்னால் போய்ப் பார்த்ததில்லை.

பக்கத்திலேயே சரசுவதி மகால் நூலகம். இரண்டாம் சரபோஜி மன்னர் (ஆட்சிக்காலம் 1798 முதல் 1832 வரை) திரட்டிய ஓலைச்சுவடிகளும் காகிதச் சுவடிகளும் தமிழ், வடமொழி, மராத்தி, தெலுங்கு எனப் பல மொழிகளில் அங்கே காக்கப்படுகின்றன. சரபோஜியின் ஆசானாக இருந்தவர் பிரஷ்யாவில் பிறந்த சுவார்ட்சு பாதிரியார். ஜெர்மானிய விருந்தினரோடு செல்பவர்கள், பெரிய கோயிலுக்கு அருகே சிவகங்கைப் பூங்காவில் 1779ஆம் ஆண்டு கட்டிய சுவார்ட்சு தேவாலயத்தையும் கட்டாயம் பார்க்க வேண்டும். நோயுற்றுக் கிடக்கும் ஆசானின் கையைச் சரபோஜி பற்றியிருக்கும் காட்சியை ஆங்கிலேயச் சிற்பி ஜான் பிளாக்ஸ்மன் பளிங்கில் வடித்திருக்கிறார். ஒரு தமிழகக் கோயிலின் மதில் நிழலில், ஓர் இந்து மராட்டிய மன்னர் தம் ஜெர்மானிய ஆசிரியருக்காக லண்டனிலிருந்து வரவழைத்த நினைவுச் சின்னம் இருக்கும் என்று விருந்தினர் இருவரும் எண்ணிப் பார்த்ததேயில்லை. சுற்றுலாத் திட்டங்களில் இந்த இடம் ஏன் இடம்பெறுவதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

மூன்றாம் நாளை மாலை வரை சுவாமிமலைக்கே கொடுத்தோம். இந்தப் பயணத்தில் நான் மிக உயர்வாக மதிப்பிடுவது இந்த நாளைத்தான். என் தொழில் காரணமாக அப்படித் தோன்றுகிறதோ என்று யோசித்துப் பார்த்தேன், ஆனால் வார்ப்படம் என்றால் என்னவென்றே அறியாத நண்பரின் மனைவியும் இதையே முதலிடத்தில் வைத்தார்.

கும்பகோணத்துக்கு மேற்கே காவிரிக் கரையை ஒட்டிய ஊர். அறுபடை வீடுகளில் ஒன்று என்பதால் நம்மவருக்குத் தெரியும். சிற்பத் தொழிலால் உலகுக்குத் தெரியும். நாங்கள் சென்ற பட்டறையில் மூத்த ஸ்தபதி தென்னை ஓலையிலிருந்து ஒரு கீற்றைக் கிழித்து, செய்யப்போகும் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, அதை மடித்து மடித்து முகத்துக்கு இவ்வளவு, கழுத்துக்கு இவ்வளவு, மார்புக்கு இவ்வளவு என்று மடிப்புகளை இட்டார். அளவுகோல் என்று தனியாக எதுவும் இல்லை. சிலை எத்தனை உயரமானாலும் அதன் உயரமே அதற்கு அளவுகோலாகிவிடுகிறது. தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் உருவத்தைப் பிடித்து, பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியால் உறுப்புகளை ஒட்டுகிறார்கள். அதன்மேல் முதலில் பூசுவது காவிரியின் வண்டல் மண். மாவு போன்ற அந்த மண்தான் மெழுகில் கீறிய மிக நுண்ணிய கோட்டையும் வாங்கிக்கொள்கிறது. இத்தொழில் இந்த ஊரில் நிலைத்ததற்கு ஆற்றின் இந்த மண்ணே காரணம் என்று ஸ்தபதிகள் சொல்கிறார்கள். அடுத்தடுத்த பூச்சுகளில் மணலைக் கூட்டிக்கொண்டே போய், இரும்புக் கம்பி கட்டி, நிழலில் காயவைத்து, பிறகு வறட்டி அடுக்கிச் சுட்டால் மெழுகு உருகி ஓடிவிடுகிறது. சூடு ஆறுவதற்குள் அச்சைக் குழியில் நிறுத்தி, வாய் மட்டும் மேலே தெரியும்படி மண்ணால் மூடி, உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள்.

உலோகம் ஊற்றும் நாள் எது என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு அதற்கேற்பச் சென்றது நாங்கள் செய்த நல்ல காரியம். இல்லையென்றால் அரத்தால் ராவுவதை மட்டுமே பார்த்துத் திரும்பியிருப்போம். செம்பும் பித்தளையும் சிறிது ஈயமும் சேர்த்து உருக்கிய குழம்பில், பொன்னும் வெள்ளியும் துளியளவு இடப்படுகின்றன. மெழுகின் எடையை வைத்தே வேண்டிய உலோகத்தைக் கணக்கிடுகிறார்கள். செம்பு மெழுகைப் போல ஏறத்தாழ ஒன்பது மடங்கு கனம் என்பதை எந்த நூலையும் புரட்டாமல் அவர்கள் அறிந்திருக்கிறார்கள். நண்பர் குழியருகே குந்தி உட்கார்ந்து, காற்று வெளியேறுவதற்கான துளைகள் எங்கே என்று சைகையால் கேட்டார். ஸ்தபதியின் மகன் ஒரு குச்சியால் மண்ணில் படம் வரைந்து காட்டினார். அதன் பிறகு இருவருக்கும் நடுவே மொழிபெயர்க்க நான் தேவைப்படவில்லை. அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும் என்பதால் ஓர் அச்சில் ஒரு சிலைதான். அதனாலேயே எந்த இரண்டு சிலைகளும் முழுதும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரே அச்சில் ஆயிரக்கணக்கான பாகங்களை வார்ப்பதையே வாழ்க்கையாகக் கொண்டிருந்த எங்கள் இருவருக்கும் அந்த உண்மை கொஞ்சம் கனமாகவே இறங்கியது.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். முதல் நாள் வந்த வழிகாட்டி எங்களை ஒரு விற்பனைக்கூடத்துக்கு அழைத்துச் சென்று, இயந்திரத்தால் பெருமளவில் செய்த பித்தளைப் பொம்மைகளைச் சுவாமிமலைப் பஞ்சலோகம் என்று காட்டச் செய்தார். வாகன ஓட்டியும் வழிகாட்டியும் கமிஷன் பெறும் கடைகள் எல்லாச் சுற்றுலா ஊர்களிலும் உண்டு. சிலை வாங்க எண்ணுபவர்கள் பட்டறைக்கே சென்று, உளி பட்ட அடையாளத்தைப் பார்த்து, பொருத்தமான காலக்கெடு கொடுத்துச் செய்யச் சொல்வதே நல்லது. நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிலைகளை நாட்டை விட்டு எடுத்துச் செல்லச் சட்டம் இடம் தருவதில்லை. ஆகவே புதிய சிலையானாலும், அது தொல்பொருள் அன்று என்பதற்குத் தொல்லியல் துறையின் சான்று பெற்றுக்கொண்டால் விமான நிலையத்தில் சிக்கல் இராது. நண்பர் முழங்கை உயரத்தில் ஒரு பாவை விளக்கு செய்யச் சொல்லி முன்பணம் கொடுத்துவிட்டு வந்தார்.

அன்று மாலை தாராசுரம். இரண்டாம் ராசராசன் 12ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயில் பெரிய கோயிலின் பேருருவுக்கு முற்றிலும் மாறானது. ஓரடிக்கும் குறைவான சிற்பங்களில் நாயன்மார் வரலாறுகளைக் காட்டுகிறது. ஒரே தலையைப் பகிர்ந்துகொண்டிருக்கும் யானையையும் காளையையும் பார்த்து, எந்தப் பக்கம் கையால் மறைத்தால் எது தெரிகிறது என்று விருந்தினர் இருவரும் குழந்தைகளைப் போல விளையாடினார்கள். மாலை வெயில் தேர் வடிவ மண்டபத்தின் கல் சக்கரத்தில் விழும் நேரம் அங்கே இருப்பது நலம். கங்கைகொண்ட சோழபுரத்தையும் மறுநாள் காலையில் பார்த்தோம். ராசேந்திரன் எடுத்த அக்கோயிலும் தாராசுரமும் 2004ஆம் ஆண்டு பெரிய கோயிலோடு உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தவை. சண்டேசருக்கு இறைவன் மாலை சூட்டும் சிற்பம் ஒன்றுக்காகவே அவ்வளவு தூரம் போகலாம். ஆனால் நேரம் குறைவாக உள்ளவர்கள் மூன்று சோழர் கோயில்களில் ஒன்றை விடத்தான் வேண்டும் என்றால் இதை விடலாம் என்பதே என் கருத்து. சிற்ப ஆர்வலர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பதும் தெரியும்.

உணவைப் பற்றி நான் அஞ்சியது நடக்கவில்லை. வெளிநாட்டினர் என்றதும் ரொட்டியும் வெண்ணெயும் தேடி அலைய வேண்டியதில்லை. கும்பகோணத்தில் இட்லிக்குக் கிடைக்கும் கடப்பா, உருளைக்கிழங்கும் பாசிப்பருப்பும் தேங்காயும் சேர்ந்த காரம் குறைந்த பண்டம். இருவரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். திருவையாற்று அசோகா, பாசிப்பருப்பில் செய்த இனிப்பு என்று சொன்னபோது நம்ப மறுத்தார்கள். பித்தளை டபராவில் வரும் டிகிரி காப்பியை ஆற்றிக் குடிக்கக் கற்றுக்கொண்டார்கள். வாழை இலைச் சாப்பாட்டில் ரசம் சாதத்தைக் கையால் எடுப்பது மட்டும் அவர்களுக்குக் கடைசி நாள் வரை கைவரவில்லை. பரிமாறியவர் தாமாகவே ஒரு கரண்டியைக் கொண்டுவந்து வைத்த பண்பை இருவரும் பலமுறை நினைவுகூர்ந்தார்கள்.

நான்காம் நாள் பிற்பகல் தரங்கம்பாடிக்குப் போனதற்கு நண்பரின் சொந்த மாநிலமே காரணம். 1620ஆம் ஆண்டு தஞ்சை ரகுநாத நாயக்கரின் இசைவோடு டேனியர் அங்கே குடியேறி டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். டென்மார்க் மன்னர் அனுப்பிய மறைப்பணியாளராக 1706ஆம் ஆண்டு அங்கே வந்திறங்கிய சீகன்பால்கு, சாக்சனியின் புல்ஸ்னிட்சு என்ற சிற்றூரில் பிறந்தவர். அந்த ஊரைத் தேனும் வாசனைப் பொருள்களும் சேர்த்துச் செய்யும் ரொட்டிக்காக மட்டுமே நண்பர் அறிந்திருந்தார். அவ்வூர்க்காரர் ஒருவர் தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து, 1715ஆம் ஆண்டுக்குள் அச்சிட்டு முடித்தார் என்பதை முதன்முதலாக என்னிடம்தான் கேட்டார். ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் அளவில் பெரிதாக இருந்து காகிதத்தை விழுங்கியதால், இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள் என்ற செய்தியைச் சொன்னதும், எங்கே வார்த்தார்கள், அந்த இடம் இருக்கிறதா என்று கேட்கத் தொடங்கிவிட்டார். 1718ஆம் ஆண்டு கட்டிய புதிய எருசலேம் தேவாலயத்தில், 1719ஆம் ஆண்டு மறைந்த சீகன்பால்குவின் கல்லறை முன் இருவரும் சற்று நேரம் பேசாமல் நின்றார்கள். கடற்கரையில் கூட்டம் இல்லை. கோட்டை மதிலருகே உட்கார்ந்து இருட்டும் வரை பேசிக்கொண்டிருந்தோம். ஜெர்மானியரோ டேனியரோ வருகிறார்கள் என்றால் இதைத் திட்டத்தில் முதலில் சேர்க்க வேண்டும். மற்ற நாட்டவருக்கு அரை நாளைச் செலவிடும் அளவுக்கு இது தேவையா என்பது அவர்களுடைய ஆர்வத்தைப் பொறுத்தது.

வசதிக் குறைகளையும் எழுதினால்தான் இந்த மதிப்புரை பயன்படும். தூய்மையான கழிப்பறை வழியில் எங்கே இருக்கிறது என்பதை ஒவ்வொரு நாள் காலையும் வழிகாட்டியிடம் கேட்டுத் திட்டமிட வேண்டியிருந்தது. பெண் விருந்தினரோடு செல்பவர்கள் இதை முதலிலேயே யோசிக்க வேண்டும். பதினொரு மணிக்கு மேல் கோயில் தளக் கற்களில் வெறுங்காலோடு நடப்பது அவர்களால் இயலாது. பழைய பருத்திக் காலுறை இரண்டு ஜோடி வைத்துக்கொண்டால் தீர்ந்தது. சிறு கடைகள் எல்லாம் கைபேசிப் பணத்துக்கு மாறிவிட்டதால், வெளிநாட்டு அட்டை வைத்திருப்பவர் ஒரு இளநீர் வாங்கவும் நம்மை எதிர்பார்க்க நேர்கிறது. சில்லறை நோட்டுகளை முன்கூட்டியே மாற்றிக் கொடுத்துவிட வேண்டும். நான் பார்த்த அறிவிப்புப் பலகைகள் சிலவற்றில் ஆங்கிலம் பிழையாகவும், சொல்ல வேண்டிய செய்தி இல்லாமலும் இருந்தது. கல்வெட்டில் இருக்கும் அந்த வீட்டு எண்களைப் பற்றி ஒரு பலகை எழுதி வைத்தால் எவ்வளவு பேர் அங்கே நின்று பார்ப்பார்கள்!

ஐந்தாம் நாள், திருச்சி விமான நிலையத்துக்குப் போகும் வழியில் கல்லணை. ஆற்று மணலில் பெருங்கற்களைப் போட, நீர் அடியிலுள்ள மணலை அரிக்க, கற்கள் தாமே கீழிறங்கி நிலைகொள்ள, மேலே மீண்டும் கற்களை அடுக்கிக் களிமண் பூசிய உத்தியை 19ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயப் பொறியாளர்கள் வியந்து பயின்றார்கள். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, 1934ஆம் ஆண்டு வெட்டி முடித்த புது ஆறு, வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிகிறது. ஆனால் மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடப்படுவதால், நாங்கள் போனபோது மதகுகளுக்குக் கீழே மணல் திட்டுகளும் ஆங்காங்கே தேங்கிய நீரும்தான் இருந்தன. நான்கு நாள்களாக அந்த ஆற்றின் வண்டலில் செய்த சிலையையும், அதன் நீரில் விளைந்து அறுவடைக்கு நின்ற சம்பா வயல்களையும் பார்த்துக்கொண்டே வந்தவர்கள், ஆற்றை மட்டும் பார்க்காமல் போக நேர்ந்தது. இந்தத் திட்டத்தில் நான் செய்த ஒரே பிழை இது.

நண்பர் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி, தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டார். ஆடி மாதம் பதினெட்டாம் நாள், ஆற்றங்கரைகளில் பெண்கள் காவிரிக்குப் படையலிட்டு மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளும் பெருக்கு விழாவைப் பற்றிச் சொன்னேன். நாள்காட்டியில் அது ஆகஸ்டு 2 அல்லது 3 என்று குறித்துக்கொண்டார். பாவை விளக்கும் அதற்குள் தயாராகிவிடும் என்று ஸ்தபதி சொல்லியிருக்கிறார். அஞ்சலில் அனுப்ப வேண்டாம், தானே வந்து வாங்கிக்கொள்வதாகச் சென்ற வாரம் எழுதியிருக்கிறார்.